இல்லாத தங்கை

பல் விளக்கிக்கொண்டே போன் பார்ப்பது சின்னவளுக்குப் புது வியாதி. போன வாரம் அந்த நடிகை வாயைத் திறந்த நாளிலிருந்து தொற்றிக்கொண்டது.

நடிகை சொன்னது ஒரே ஒரு வரிதான். "சின்ன வயசுலேர்ந்தே 'ஏழாம் சுற்று' காமிக்ஸ்னா எனக்கு உயிர்!"

அந்தக் காமிக்ஸைப் படமாக எடுக்கப் போகிறார்கள். அவள்தான் நாயகி. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் 'ஏழாம் சுற்று' ரசிகர் சங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. உயிராம்! எத்தனையாவது இதழில் கேப்டன் கையை இழந்தான் என்று கேளுங்கள் பார்க்கலாம்! விண்கலத்தின் பின்கதவு என்ன நிறம் என்று கேளுங்கள்! ராத்திரி பகலாக குரூப்பில் இதே கூச்சல். கடைசியில் எல்லோரும் ஒரே ஆளின் வாயைப் பார்த்தார்கள்.

'காவலர் அண்ணா, நீங்க சொல்லுங்க.'

காவலர் அண்ணா அப்போது வாயில் நுரையோடு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

சங்கத்தில் யாருக்கும் இது தெரியாது. சங்கத்தின் நுழைவுத் தேர்வைத் தயாரித்தவரும், இணையத்தில் அதன் தகவல் களஞ்சியத்தைக் கட்டிக் காப்பவரும், அரைகுறைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புபவருமான காவலர், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவள் சங்கக் கூட்டத்துக்குத் தன் சொந்த முகத்தோடு போனது ஒரே ஒரு தடவை, கல்லூரி நாட்களில். "யார் கூட வந்திருக்கீங்க? அண்ணன் கூடவா?" என்று ஆரம்பித்துக் கேள்வி மேல் கேள்வி. அத்தனைக்கும் பதில் சொன்னாள். "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கே 'காவலர்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினாள். அதற்குப் பிறகு யாரும் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பவள் அவளாகிவிட்டாள்.

"உள்ளே குடித்தனம் பண்றியா?" அம்மா கதவைத் தட்டினாள். ரிட்டயரான நர்ஸ். வீட்டையும் வார்டு போலத்தான் நடத்துவாள். "வெளியே வா. அக்கா ஆபீசுக்குப் போகணும்."

கூடத்தில் பெரியவள் ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சினிமாக் கிசுகிசு இணையதளத்தில் வேலை. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அவள் கதை தெரியும். யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அது ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், அவ்வளவுதான். சின்னவளும் கேட்கவில்லை. கேட்காமலே விட்டது இன்னும் அந்த வீட்டில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது.

"ஏய் சின்னு," என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்தி. "எடிட்டர் கழுத்தைப் பிடிக்கிறார். அந்த நடிகை நிஜ ரசிகையா, டூப்பான்னு ஆதாரத்தோட வேணுமாம். சாயந்திரத்துக்குள்ள."

"ரெண்டுல எது?"

"எதுவானாலும் சரியாம். ஆனா டூப்புன்னா நல்லதாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீதானே காவலர்?"

சின்னவள் அம்மா இருந்த பக்கம் பதறிப் பார்த்தாள். போன வாரம் சார்ஜரில் போட்டிருந்த போனை எடுத்துப் பார்த்து அக்கா கண்டுபிடித்துவிட்டாள். இன்னும் வீட்டில் பகிரங்கமாகவில்லை.

"இன்னிக்குச் சாயந்திரம் சங்கக் கூட்டத்துக்கு அவ வர்றா. நீங்க அவளைக் கேள்வி கேக்கப் போறீங்க. என்ன கேள்வின்னு மட்டும் சொல்லு."

"முடியாது."

"அக்காவுக்காக?"

"அக்காவுக்காகவும் முடியாது. சங்கம் வேற, உன் கிசுகிசு வேற."

"ஆமாமா," என்றாள் பெரியவள், செருப்பைக் கண்டுபிடித்து. "நாங்க அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறோம். நீங்க அடுத்தவங்க மண்டைக்குள்ள எட்டிப் பாக்கறீங்க. ரொம்ப வேறதான்."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது. படிச்சிருந்தா என்ன, படிக்காட்டி என்ன? ஆபரேஷன் பண்ற டாக்டரா அவ?"

பெரியவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

கடையில் அன்று நல்ல கூட்டம். சின்னவள் ஒரு பெரியவரின் மூக்கில் பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப நல்லாத் தெரியுதா? முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார்."

மேசையில் போன் துடித்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். துடிப்பு நிற்கவில்லை. குரூப்பில் ஏதோ தீப்பிடித்திருக்கிறது. "ஒரு நிமிஷம் சார்" என்று திரும்பி நின்று பார்த்தாள்.

ஒரு வீடியோ. நடிகை ஒப்பனை இல்லாமல், ஏதோ படப்பிடிப்பு வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைப் பொய்க்காரின்னு நிறையப் பேர் சொல்றீங்க. தேதி, நம்பர் எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்குக் கேப்டனை விட அவரோட தங்கச்சியைத்தான் பிடிக்கும். பூமியில ரேடியோ முன்னாடி உக்காந்து, தினமும் ராத்திரி ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாளே, 'வந்துடு'ன்னு. போய்ச் சேருதா சேரலையான்னு தெரியாம அனுப்பிக்கிட்டே இருப்பாளே... அவளுக்காகத்தான் இந்தப் படத்துக்கே ஒத்துக்கிட்டேன்."

கீழே சங்கம் உருகி ஓடிக்கொண்டிருந்தது. 'மன்னிச்சிடுங்க சகோதரி!' 'கோடை மலரைப் படிச்சவங்களுக்குத்தான் இது தெரியும்!' 'நம்ம ஆளுப்பா இவங்க!' சங்கச் செயலாளர், காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், அழுகிற பொம்மைகளாக வரிசையாகப் போட்டிருந்தார்.

சின்னவளுக்குக் காது சூடாகியது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

மாட்டிக்கொண்டாள்!

"என்னம்மா, என் கண்ணுல ஏதாவது கோளாறா?" என்றார் பெரியவர்.

"இல்ல சார், உங்க கண்ணு தங்கமான கண்ணு." லென்ஸ் பெட்டியை உதவிக்கு இருந்த பெண்ணிடம் தள்ளிவிட்டு, கடையின் பின்பக்கம் ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள். ஏன் அவளுக்குப் போட்டாள் என்று அப்புறம் நினைத்து நினைத்து மாய்ந்தாள். அந்த நிமிஷம் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. சொல்ல வேறு யாரும் இல்லை.

"அக்கா, மாட்டிக்கிட்டா! நடிகை கையும் களவுமா மாட்டிக்கிட்டா!"

"என்னடி சொல்றே?"

"கேப்டனுக்குத் தங்கச்சியே கிடையாது! அது நான் எழுதினது!"

சின்னவள் மூச்சு விடாமல் கொட்டினாள். சங்கத்துக்குள் நுழைய நிறையப் பேர் காமிக்ஸைப் படிக்காமல் களஞ்சியத்தை மட்டும் படித்துவிட்டு வந்தார்கள். அவர்களைப் பிடிக்க ஒரு கண்ணி வைத்தாள். கோடை மலர் என்று ஒரு சிறப்பிதழ், கொஞ்சம் பிரதி விற்றதோடு நின்றுபோனது, யாரிடமும் இல்லை. அவளும் பார்த்ததில்லை. அதில் வந்ததாக ஒரு தங்கையை உருவாக்கிக் களஞ்சியத்தில் சேர்த்தாள். யாராவது தங்கையைப் பற்றிப் பேசினால் அந்த ஆள் படிக்காத ஆள் என்று அர்த்தம்.

"இவ களஞ்சியத்தைப் படிச்சிட்டு வந்து கண்ணைக் கசக்குறா! எப்படி?"

"எப்ப எழுதினே இதை?" என்றாள் பெரியவள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அது ஆச்சு ரொம்ப வருஷம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் அப்புறம் கூப்பிடறேன்."

போன் வைக்கப்பட்டது. சின்னவள் சிரித்த முகத்தோடு திரும்பி நடந்தாள். லென்ஸ் அலமாரியைத் தாண்டும்போதுதான் சிரிப்பு நின்றது.

யாரிடம் சொன்னாள் அவள்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கண்ணியில் விழுந்தது நடிகை மட்டுமில்லை. செயலாளர் போன வருஷம் தன் காரின் பின்கண்ணாடியில் 'வந்துடு' என்று எழுதி ஒட்டியிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு உறுப்பினர் கையில் அந்த வார்த்தையைப் பச்சை குத்தியிருந்தார். தன் தங்கை இறந்த அன்று ஒருவர் குரூப்பில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் போட்டார். ஆயிரம் பேர் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். படிக்காத ஒரு இதழைப் படித்ததாக எல்லோரும் நம்பிவிட்டார்கள். முதலில் வந்த ஒன்றிரண்டு பேரை அவள் திருப்பி அனுப்பியிருக்கலாம். பிறகு பழைய உறுப்பினர்களே தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, கண்ணியை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தைரியமும் வரவில்லை. வேறு வழியில்லாமல் தங்கையை நுழைவுத் தேர்விலேயே சேர்த்துவிட்டாள்.

அக்காவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

"தலைவலி" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தாள், நடை ஓட்டமாகியது.

கிசுகிசு ஆபீஸ், ஒரு தையல் மெஷின் ஷோரூமுக்கு மேல் மாடியில் இருந்தது. ஏசி சத்தம், கீபோர்டு சத்தம், சுவரில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு திரை. பெரியவள் ஜன்னலோர மேசையில் இருந்தாள். அவள் கம்ப்யூட்டரில் கொட்டை எழுத்தில் தலைப்பு தயாராக இருந்தது.

'இல்லாத தங்கைக்குக் கண்ணீர்! கையும் களவுமாகச் சிக்கிய நடிகை!'

"அனுப்பிட்டியா?" சின்னவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் இல்ல."

"அழிச்சிடு."

"நீதானே சொன்னே?"

"அக்காகிட்ட சொன்னேன். கிசுகிசுக்காரிகிட்ட சொல்லல."

"ரெண்டும் ஒரே ஆள்தான்டி. தனித்தனியா சம்பளம் குடுக்கறாங்களா?"

"இது வெளிய வந்தா அவ மட்டும் அசிங்கப்பட மாட்டா, அக்கா. அந்தத் தங்கச்சியை நம்பற அத்தனை பேரும் முட்டாளாயிடுவாங்க. ஒருத்தர் பச்சை குத்தியிருக்கார்!"

"இத்தனை நாளா அவங்களை முட்டாளாக்கினது யாரு? நானா?"

பக்கத்து மேசையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொள்வது தெரிந்தது. பெரியவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்து வந்தாள்.

படியில் நின்றதும் அவள் தொனி மாறிவிட்டது.

"களஞ்சியத்துல போய்ப் படிச்சேன். தலைப்புப் போட்டதுக்கு அப்புறம்தான் படிச்சேன். நாங்க எப்பவும் அப்படித்தான்." சிரிக்கப் பார்த்தாள். "அண்ணன் சொல்லாம கிளம்பிப் போயிட்டான். வீட்டுல அவன் பேரை எடுக்கவே கூடாதுன்னு அம்மா உத்தரவு. எல்லாரும் தூங்கினப்புறம் தங்கச்சி ரேடியோவைத் திறப்பா. அப்படித்தானே எழுதியிருக்கே?"

சின்னவள் சுவரைப் பார்த்தாள்.

"சேர்த்த தேதி கீழே போட்டிருக்கு, சின்னு. நான் வீட்டை விட்டுப் போன வருஷம்."

"அது... கண்ணி."

"எனக்கு அப்ப எத்தனை மெசேஜ் அனுப்பினே?"

"நம்பரை மாத்திட்டியே. எங்க அனுப்பறது?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. படிக்கட்டில் யாரோ ஃபைல் கட்டோடு ஏறி வந்தார்கள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ஆள் போன பிறகும் ஒட்டி நின்றபடியே இருந்தார்கள்.

"கேட்டிருக்கலாமேடி. திரும்பி வந்தப்புறமாவது."

"நீ சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றாள் பெரியவள். "சொல்லியிருக்கலாம்."

பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த எடிட்டரிடம் ஏதோ சொன்னாள். எடிட்டர் பேனாவை மேசையில் எறிவது தெரிந்தது. அவர் கத்தியது கதவைத் தாண்டி வந்தது. "ஆதாரம் கிடைச்சிடுச்சுன்னு நீதானே சொன்னே? இப்ப இல்லேன்னா என்ன அர்த்தம்? அந்தக் கூட்டத்துலேர்ந்து பெருசா ஏதாவது கொண்டு வா. இல்லேன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராதே!"

பெரியவள் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "போலாமா?"

"எங்கே?"

"உங்க சங்கத்துக்குத்தான். எனக்கு வேலை போகாம இருக்கணும், உனக்கு மானம் போகாம இருக்கணும். ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு?"

மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் சின்னவள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். செயலாளரைத் தனியாகப் பார்ப்பது. உண்மையைச் சொல்லிவிடுவது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது. நடிகையிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

மண்டப வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மார்பில் சங்கத்தின் சின்னம். தாடிக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் கூட வந்திருக்கீங்க?"

அதே கேள்வி. சின்னவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "அக்கா கூட."

"உறுப்பினர் இல்லேன்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். காவலர் அண்ணா போட்ட விதி." அட்டையைப் பார்த்துப் படித்தார். "கேப்டனுக்குப் பூமியிலிருந்து தினமும் செய்தி அனுப்பறது யாரு?"

ஒரு சொல் சொன்னால் போதும். உள்ளே போய்விடலாம். சின்னவள் வாயைத் திறந்தாள்.

"அப்படி யாரும் கிடையாது."

தாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் பரிதாபமாகச் சிரித்தார்கள். "பரவால்ல. வீட்டுக்குப் போய்க் களஞ்சியத்தை நல்லாப் படிச்சிட்டு வாங்க."

"அந்தக் களஞ்சியத்தை எழுதினதே நான்தான். நான்தான் காவலர்."

"போன கூட்டத்துக்குக்கூட ஒருத்தர் வந்து இதையேதான் சொன்னாரு. உங்க பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, கொஞ்சம் நகர்றீங்களா?"

அப்போது செயலாளரே வெளியே வந்தார். பட்டுச் சட்டை, நெற்றியில் வியர்வை. சின்னவள் அவர் குறுக்கே போய் நின்றாள். பத்து வரியில் சொல்ல நினைத்ததை இரண்டு வரியில் சொன்னாள். தங்கை கோடை மலரில் இல்லை. தானே எழுதிச் சேர்த்தது.

செயலாளர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, நான் அந்தக் கோடை மலரைப் படிச்சிருக்கேன். எங்க மாமா வீட்டுப் பரண்ல. அட்டை கிழிஞ்சிருக்கும். தங்கச்சி நீலச் சட்டை போட்டிருப்பா. என் கண்ணால பார்த்தேன்." அவர் கண் கலங்கியது. "உங்களை மாதிரி ஆளுங்க ஏன் இப்படிப் பண்றீங்க? எதையும் ஆழமா நேசிக்கத் தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

போய்விட்டார்.

சின்னவள் அப்படியே நின்றாள். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுதியதைப் படித்துப் படித்து, அதற்கு ஒரு பரணும் ஒரு மாமாவும் ஒரு நீலச் சட்டையும் தானாக முளைத்திருந்தன. இனி யார் வந்து சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை.

"வா, ஓரமா வா," என்று பெரியவள் அவளைத் தெரு விளக்குக் கம்பத்தருகே கூட்டிப் போனாள். "அழறியா?"

"இல்ல. நான் வெச்ச பூட்டு, அக்கா. சாவி எனக்கே பொருந்த மாட்டேங்குது."

"நல்லா இருக்கே. தலைப்பாப் போடலாம்."

"அக்கா!"

"சும்மா சொன்னேன்டி."

உள்ளே கைதட்டல் அதிர்ந்தது. இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நடிகை வணக்கம் சொன்னாள், விசில் பறந்தது. பிறகு ஒரு புதுக் குரல், வயதான ஆணின் தயங்கித் தயங்கி வரும் குரல். 'ஏழாம் சுற்று' வரைந்த ஓவியரின் மகன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அப்படி ஒருவர் வருவதாகச் சங்கத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்குப் பேச வராது. அப்பாவோட பெட்டியை நான் இத்தனை வருஷமாத் திறக்கவே இல்ல. படக் கம்பெனிக்காரங்க கேட்டாங்கன்னு போன மாசம்தான் திறந்தேன். அதுல கோடை மலருக்கு அவர் வரைஞ்ச பக்கங்கள் அப்படியே இருக்கு."

மண்டபம் பெருமூச்சு விட்டது. சின்னவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எல்லாரும் கேப்டனோட தங்கச்சியைப் பத்திப் பேசறீங்க. அவ அதுல இருக்கா. ரேடியோ முன்னாடிதான் உக்காந்திருக்கா."

"நீ பொய்தானே எழுதினே?" பெரியவள் தங்கையின் காதருகே கேட்டாள்.

"ஆமா. சத்தியமா."

"அப்ப அவர் கையில இருக்கறது என்ன?"

அந்த மலரை அவளும் பார்த்ததில்லையே! ஒலிபெருக்கியில் காகிதம் சரசரத்தது. கிழவரின் குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை தயக்கம் இல்லாமல்.

"அவ தினமும் ஒரு வார்த்தை அனுப்பறதும் நிஜம்தான். ஆனா, நீங்க இத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கற வார்த்தை இல்ல அது."

விசில், கைதட்டல், எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. வாசலில் இருந்த தாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, வாயைத் திறந்தபடி ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

"உள்ளே விட மாட்டாங்க அக்கா. நீதான் பார்த்தியே?"

"நான் கிசுகிசு எழுதறவடி." அவள் ஏற்கனவே மண்டபத்தின் பக்கச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். "எந்தக் கட்டடத்துக்கு எத்தனை பின்கதவுன்னு எனக்கு நீ சொல்லித் தராதே."

சந்து முனையில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு கார் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. காரின் பின் இருக்கையில், மேடையில் இருக்க வேண்டிய நடிகை கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.